பன்னிரண்டாயிரம் துரைசாமிகள்

22 ஏப்ரல், திங்கள்

வீடு வந்து சேர்ந்தேன். கர்ப்பப்பையை எடுத்து நான்கு நாளாகிறது. டாக்டரம்மா கொடுத்தனுப்பிய தாளில் பதினொரு கட்டளைகள். ஒன்றின் கீழே மட்டும் பேனாவால் இரண்டு கோடு: ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. கனம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "ஒரு கொடம் தண்ணியெல்லாம் நெனச்சுக்கூடப் பாக்காதீங்க" என்றார்.

நாங்கள் இருப்பது மாடி போர்ஷன். குழாய் கீழே வாசலில். நடுவில் பதினெட்டுப் படி. ஒன்பது நாளுக்கு ஒருமுறை, நாற்பது நிமிடம் தண்ணீர் வரும். இருபது வருடமாக அந்த நாற்பது நிமிடத்தை நான் ஒருத்தியேதான் நடத்தி வருகிறேன்.

துணைக்கு இவருடைய அக்கா அவிநாசியிலிருந்து வந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் நாத்தனாரை நங்கை என்போம். நங்கை வந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "கட்டல உட்டு எறங்கினீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன், பாத்துக்க."

24 ஏப்ரல், புதன்

படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறது. மகள் மிருதுளாவின் மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்யலாம் என்று திறந்தேன். கல்லூரி கடைசி வருடத்தில் அவள் வாங்கி, பாதியில் விட்ட விளையாட்டுக் கருவி கிடைத்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆறு பட்டன். கறுப்பு வெள்ளைத் திரை, அகலத்தில் 128 புள்ளி, உயரத்தில் 64. இதன் சர்க்யூட் படம் முதல் உள்ளே ஓடும் புரோகிராம் வரை எல்லாம் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் இதற்கு விளையாட்டு எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் பிரித்துப் படிக்கலாம்.

மொத்த விளையாட்டும் இருபத்தெட்டு கிலோபைட்டுக்குள், அதாவது 28,672 பைட்டுக்குள், அடங்க வேண்டும். கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோ இதைப் போல நூறு மடங்கு வரும். எனக்கு இந்த நெருக்கடி பிடித்திருக்கிறது. நான் படித்த காலத்துக் கம்ப்யூட்டர் போல இருக்கிறது.

பெங்களூருக்கு போன் செய்து மிருதுவிடம் கேட்டேன்.

"நீ எழுதப்போறியாம்மா? நெசமாவா? கடைசியா நீ கோட் எழுதினப்ப நான் பொறக்கவே இல்லியே."

"நீ வயித்துல இருந்ததாலதானே வேலைய விட்டேன்" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

26 ஏப்ரல், வெள்ளி

தண்ணீர் வந்தது. இவர் ஆபீசுக்குப் பர்மிஷன் போட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இவர் பம்புசெட் கம்பெனியில் டெஸ்டிங் சூப்பர்வைசர். ஊர் உலகத்துக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிக் கொடுக்கிற மனிதர், ஐந்தாவது குடத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங், முடியலீங்களா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"படி நடுவுல அஞ்சாறு கூட ஆயிருச்சு போல இருக்குது" என்றார்.

அப்போது பக்கத்து வீட்டில் குழாயோடு ரகசியமாக இணைத்த மோட்டாரைப் போட்டார்கள். எங்கள் குழாயில் தண்ணீர் நூலாக இளைத்தது. "அந்த மோட்டாரும் உன்ற கம்பெனிதாண்டா ஈசுவரா" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார் நங்கை.

குளியலறை ட்ரம் நிரம்பவில்லை. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். எந்தப் பாத்திரத்தை எப்போது நிரப்புவது, எந்தப் படியில் மூச்சு விடுவது, பக்கத்து மோட்டார் ஓடும்போது எந்த வேலையைச் செய்து கொள்வது என்று என் தலைக்குள் ஒரு முழுப் புரோகிராம் இருப்பது இன்றுதான் தெரிந்தது. யாருக்கும் அதை நான் எழுதிக் கொடுத்ததில்லை.

27 ஏப்ரல், சனி

எழுத ஆரம்பித்துவிட்டேன்.

3 மே, வெள்ளி

ஒரு பெண், ஒரு குழாய், பதினெட்டுப் படி. மேலே ஆறு பாத்திரங்கள். நாற்பது நிமிடத்தை நான்கு நிமிடமாகச் சுருக்கியிருக்கிறேன். குடம் நிரம்பினால் அவள் நடை மெதுவாகும். பக்கத்து வீட்டு மோட்டார் எப்போது வேண்டுமானாலும் ஓடும்.

இந்தக் கருவிக்காரர்களுக்கு என்று உலகம் முழுக்கச் சேர்ந்த ஓர் இணையக் குழு உண்டு. அதில் போட்டி அறிவித்திருக்கிறார்கள். தலைப்பு: அன்றாட வேலை. கடைசி நாள் மே 31. எனக்கு ஆறு வாரம் முடிவது மே 30. மிருதுவின் கணக்கிலேயே பெயர் கொடுத்துவிட்டேன்.

தமிழ் எழுத்து இந்தக் கருவிக்குள் கிடையாது. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து வரைந்தேன். எல்லா எழுத்துக்கும் இடமில்லை. 'தண்ணீர் வந்தாச்சு', 'நின்னுபோச்சு', 'குடம்', 'ட்ரம்' ஆகியவற்றுக்கு வேண்டியதை மட்டும். 'ணீ' எட்டுப் புள்ளி உயரத்துக்குள் அடங்க அரை நாள் எடுத்தது. அடங்கிவிட்டது.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. நான் படித்தபோது கல்லூரி லேபில் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போகும். இரண்டு மணி நேரம் அடித்தது ஒரு நொடியில் காணாமல் போகும். கூடப் படித்த சுலோச்சனா அங்கேயே உட்கார்ந்து அழுவாள். நான் ஒரு வரி அடித்ததும் சேமிப்பேன். என் வேலை ஒருநாளும் போனதில்லை. அதே புத்தியோடு, விளையாட்டின் நிலையை ஒவ்வொரு கணமும் கருவியின் நிரந்தர நினைவகத்தில் சேமிக்கும்படி எழுதியிருக்கிறேன். பேட்டரி எப்போது செத்தாலும் ஆடுகிறவருக்கு ஒரு சொட்டும் வீணாகாது.

5 மே, ஞாயிறு

தண்ணீர் வந்தது. இவர் ஒன்பது குடம், நங்கை பதினாறு. இவருக்கு இடுப்புக்குத் தைலம்.

சாயங்காலம் கருவியை நங்கையிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நிமிடம் ஆடினார்.

"ஏங் கண்ணு, உன்ற வெளையாட்டுல கூறே இல்லியே."

"ஏன் நங்கை?"

"மொதல் அஞ்சு நிமிசம் கலங்கத் தண்ணி வரும். அதப் போய் எவளாச்சும் குடிக்கற கொடத்துல புடிப்பாளா? அது கக்கூஸ் ட்ரம்முக்குத்தான். தெளிஞ்ச பொறகுதான் குடிக்கறதுக்கு. இவ மொதல்லயே குடிக்கறதுக்குப் புடிக்கறா, மெஷினும் பேசாம மார்க் போடுது."

நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. கலங்கல் தண்ணீரைச் சேர்த்தேன். 140 பைட்தான் செலவு. விளையாட்டு இரண்டு மடங்கு நன்றாகிவிட்டது.

9 மே, வியாழன்

பழைய நோட்டு ஏதாவது உதவுமா என்று சான்றிதழ் ஃபைலைப் பிரித்தேன். வேலையிலிருந்து விடுவித்த கடிதம் இருந்தது. தேதி 17 மார்ச் 2000. மிருது பிறந்தது 2001 டிசம்பர்.

ஃபைலை மூடி வைத்துவிட்டேன். இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது, துடைத்தேன்.

14 மே, செவ்வாய்

தண்ணீர் வந்தது. தையல் போட்ட இடத்தில் இழுப்பு குறைந்திருக்கிறது. விளையாட்டு 27,940 பைட். நங்கை மூன்று முறை ஜெயித்தார். நான் ஒருமுறைகூட இல்லை.

15 மே, புதன்

சோதனைப் பதிப்பைக் குழுவில் போட்டேன். போட்டிக்கு முன் இப்படிப் போட்டால் மற்றவர்கள் ஆடிப் பார்த்துக் குறை சொல்வார்கள், அதுதான் அங்கே வழக்கம். ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் எடுத்துக்கொண்டார்கள். பிரேசிலில் ஒருவர் தங்கள் ஊரிலும் இப்படித்தான் தண்ணீர் வரும் என்று எழுதியிருக்கிறார்.

இவருக்குக் காட்டினேன். "அந்தப் பக்கத்து ஊட்டு மோட்டார் சத்தம், அப்படியே எங்க அரை எச்பி சத்தம்" என்றார். இவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

18 மே, சனி

கருவி என்னுடைய சிறந்த ஸ்கோரை மறந்துவிட்டது. பேட்டரியாக இருக்கும்.

20 மே, திங்கள்

காரணம் பேட்டரி இல்லை.

போர்ச்சுகலில் இருந்து ரூயி என்பவர் எழுதியிருக்கிறார். விளையாட்டு அருமை, ஞாயிறு முழுக்க ஆடினேன், இப்போது என் கருவி எதையும் நினைவில் வைப்பதில்லை, மற்ற விளையாட்டுகளின் ஸ்கோர்களும் போய்விட்டன, ஏன் என்று உங்கள் புரோகிராமைத் திறந்து பார்த்தேன், 412ஆம் வரியைப் பாருங்கள். அவ்வளவுதான். திட்டவில்லை.

412ஆம் வரி என் சேமிக்கும் வரி.

அந்த நிரந்தர நினைவகம் நோட்டுத் தாள் மாதிரி. ஒரே இடத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை எழுதி அழிக்கலாம். அதன்பிறகு அந்த இடம் தேய்ந்து செத்துவிடும், திரும்ப வராது. நான் நொடிக்கு அறுபது முறை, அதே இடங்களில் எழுதியிருக்கிறேன். கணக்குப் போட்டேன். இருபத்தெட்டு நிமிடம் ஆடினால் போதும், லட்சம் தாண்டிவிடும்.

ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று எழுதிய வரி.

இதுவரை 214 பேர் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

மிருதுவிடம் சொன்னேன். "அம்மா, பதறாத. சத்தமில்லாம புதுப் பதிப்பு போட்டுடு. மாத்தினது யாருக்கும் தெரியாது" என்றாள்.

நான் குழுவில் போட்ட பக்கத்தையே எடுத்துவிட்டேன். விளையாட்டு இருந்த சுவடே இல்லை.

21 மே, செவ்வாய்

அலமாரித் துணியெல்லாம் எடுத்து மடித்து வைத்தேன். கருவியைத் தொடவில்லை.

22 மே, புதன்

நங்கை கருவியைக் கேட்டார். சார்ஜ் இல்லை என்றேன்.

23 மே, வியாழன்

தண்ணீர் வந்தது. இவர் ஷிப்டில். நங்கை சுமக்க, நான் கீழே குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ட்யூபை ஒரு குடத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். தூக்குவது இல்லையே, இதைச் செய்யலாம்.

அந்த 214 பேரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. என்னையும் அவர்களுக்குத் தெரியாது என்பது ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. மிருதுவின் கணக்கு, மிருதுவின் பெயர். என் பெயர் எங்கேயும் இல்லை.

நங்கை படி இறங்கி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. குடம் நிரம்பி வழிந்து, தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்புள்ள. தண்ணி பாட்டுக்கு ஓடுது, நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் மொகத்தத் திருப்பிட்டு உக்காந்திருக்கற. நீ பாக்கலைன்னா அது நின்னு போயிருமா? ட்யூப மாத்து."

மாற்றினேன்.

மேலே வந்து உட்கார்ந்ததும் அது உறைத்தது. நான் பக்கத்தை எடுத்துவிட்டதால் விளையாட்டு நின்றுவிடவில்லை. 214 கருவிகளில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. நான் துணி மடித்த மூன்று நாளும், யாரோ ஒருவர் ஆட ஆட, நொடிக்கு அறுபது முறை தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. எச்சரிக்க வேண்டிய இடத்தை நானே அழித்துவிட்டேன்.

பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் எழுதினேன்: பழைய பதிப்பை உடனே நீக்குங்கள், அது உங்கள் கருவியின் நினைவகத்தைத் தேய்க்கிறது. என்ன தவறு, ஏன் செய்தேன், கரண்ட் போன லேப், எல்லாம் எழுதினேன். குழுவின் பொது அறையிலும் போட்டேன்.

அரை மணியில் மிருது அழைத்தாள். "அம்மா, என் பேர்ல போட்டிருக்கே. எங்க டீம்லயே நாலு பேரு அந்தக் குரூப்ல இருக்காங்க. நான்தான் கருவியக் கெடுத்தேன்னு நெனச்சுக்குவாங்க."

சரிதான். அவள் பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் உண்மை பேசியிருக்கிறேன்.

சாயங்காலம் தோசை ஊற்றும்போது இவர் கேட்டார், "என்னாச்சு, நீ ஒரு மாதிரி இருக்கறேன்னு அக்கா சொல்லுச்சு?" சொன்னேன். அந்தத் தவறைச் சொல்ல ஆரம்பித்தவள் பழையதையும் சொல்லிவிட்டேன். இருபத்து நான்கு வருடமாகச் சொல்லாதது.

அப்போது எங்கள் கம்பெனி ஓர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் பட்டியல் செய்து கொடுத்திருந்தது. துரைசாமி என்று ஒரு நோயாளியின் பெயரில் பிழை. திருத்தச் சொன்னார்கள். யாருடைய பெயரை என்று குறிக்கும் நிபந்தனை வரியை விட்டுவிட்டு ஓட்டினேன். பன்னிரண்டாயிரம் நோயாளிகளும் துரைசாமி ஆகிவிட்டார்கள். பிரசவ வார்டில் இருந்த பெண்கள் உட்பட. நகல் இருந்தது, இரண்டு நாளில் சரிசெய்துவிட்டார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து அந்தப் பட்டியலை என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். துரைசாமி, துரைசாமி, துரைசாமி. நான் பாதியில் நிறுத்த, பின்னால் யாரோ தொடர்ந்து படித்தார்கள். மறுநாளிலிருந்து ஆபீசில் எனக்கு அதுதான் பெயர். அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உடம்புக்கு முடியவில்லை என்று இவரிடம் சொன்னேன், பிறகு மிருது பிறந்ததும் காரணம் தானாகக் கிடைத்தது.

இவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தோசைத் தட்டைக் கீழே வைத்தார். "பன்னண்டாயிரம் பேருமா?"

நங்கை உள்ளேயிருந்து, "பொம்பளைங்களுக்குமா?" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

பிறகு இவர் சொன்னார்: "நான் சேந்த புதுசுல, டெஸ்டிங் தொட்டில தண்ணி இருக்குதான்னு பாக்காம வரிசையா ஓட்டி உட்டுட்டேன். பதினோரு மோட்டார். சீல் எல்லாம் வெந்து நாறிப் போச்சு. மொதலாளியே வந்து நின்னு பாத்தாரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. அடுத்த நாள் ஷிப்டுக்குப் போனேன். இன்னொரு தோசை இருக்குதா?"

24 மே, வெள்ளி

என் பெயரில் தனிக் கணக்கு. கோகிலவாணி, கோயம்புத்தூர். எச்சரிக்கையை அந்தப் பெயரில் மறுபடி போட்டேன். முதல் வரி: இந்தத் தவறு என்னுடையது.

புரோகிராமின் தலைப்பில், எழுதியவர் என்ற இடத்திலும் மிருதுவின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

27 மே, திங்கள்

சரிசெய்தாயிற்று. இப்போது ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒருமுறை மட்டும் சேமிக்கும். அதுவும் ஒரே இடத்தில் இல்லை, ஒவ்வொரு முறையும் அடுத்த இடத்தில், குடங்களை வரிசை மாற்றி எடுப்பதுபோல. செத்த இடம் வந்தால் தாண்டிப் போய்விடும். கணக்குப் போட்டேன்: தினம் பத்து ஆட்டம் ஆடினாலும் என் காலத்துக்கு மேல் தாங்கும்.

ஏழு பேர் கருவி பாதிக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர் நன்றாகவே திட்டினார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினேன். செத்த இடங்கள் எவை என்று கண்டுபிடிக்க ரூயி ஒரு சிறு புரோகிராம் எழுதி அனுப்பியிருந்தார். அவருடையதில் பதினாறு. என்னுடையதிலும் அதே பதினாறு. ஏழு பேரின் கருவியும் மற்ற இடங்களில் ஒழுங்காகச் சேமிக்கிறது.

29 மே, புதன்

62 பைட் மீதமிருந்தது. அதில் ஒரு வேலை செய்தேன். அதற்கு மூன்று எழுத்து புதிதாக வரைய வேண்டியிருந்தது, 36 பைட். இவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு நேராக நங்கையிடம் கொண்டுபோய்க் காட்டினார். சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

31 மே, வெள்ளி

சமர்ப்பித்துவிட்டேன். 28,646 பைட்.

1 ஜூன், சனி

தண்ணீர் வந்தது. டாக்டரம்மா நேற்று, அரைக் குடம் வேண்டுமானால் தூக்கலாம் என்றிருந்தார். தூக்கினேன். பதினெட்டுப் படி. நங்கை பின்னாலேயே வெறுங்கையோடு வந்தார், நான் விழுந்தால் பிடிக்க. பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

7 ஜூன், வெள்ளி

முடிவு வந்தது. நாற்பத்து மூன்று விளையாட்டுகளில் பதினேழாவது. இவர் கம்பெனியில் எல்லோரிடமும் பதினேழாவது என்று சொல்லி லட்டு கொடுத்திருக்கிறார். அவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அதைவிட இன்னொன்று. புதிதாக எழுத வருகிறவர்களுக்கென்று குழுவில் ஒரு வழிகாட்டிப் பக்கம் உண்டு. அதில் சேமிப்பது பற்றிய பகுதியில் என் எச்சரிக்கையை அப்படியே எடுத்துப் போட்டு, 'சேமிக்கும் முன் கோகிலவாணியைப் படியுங்கள்' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். மூன்று முறை படித்தேன். மிருது அதைப் படமெடுத்து அவள் டீமுக்கு அனுப்பியிருக்கிறாள், "எங்கம்மா" என்று.

9 ஜூன், ஞாயிறு

நங்கை ஊருக்குக் கிளம்பிவிட்டார். இவர் பஸ் ஏற்றிவிடப் போயிருக்கிறார். கருவியைப் பையில் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தால் ரூயியிடமிருந்து ஒரு பிழை அறிக்கை. மிகவும் தயங்கி எழுதியிருக்கிறார். புதுப் பதிப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது, எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, இருந்தாலும் ஒன்று கண்ணில் பட்டது, முதன்முதலில் திறக்கும்போது சிறந்த ஐவர் பட்டியலில் ஐந்து வரியிலும் ஒரே பெயர் வருகிறது, எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன், நிபந்தனை வரி எதையாவது விட்டுவிட்டீர்களா?

இல்லை, அது பிழையில்லை, அவர்கள் ஐந்து பேரும் துரைசாமிகள்தான், மொத்தம் பன்னிரண்டாயிரம் பேர், மற்றவர்களுக்கு இடம் போதவில்லை என்று ஆரம்பித்து, முழுக் கதையையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.